ஃபோல்டர்களுக்குச் சீருடை

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், கிறிஸ்துமஸ் கழிந்து புது வருடம் பிறக்கும் முன் ஒரு நாள், சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் 'சந்தியாகு கம்ப்யூட்டர்ஸ்' கடைக்குள் அன்று இருந்தவர்கள் இவர்கள்: கடைப் பலகையில் பெயர் உள்ள சந்தியாகு, அவருடைய மூத்த மருமகளும் கடையை நடத்துபவளுமான ஜான்சி, இளைய மகன் லியோ, லியோவுக்குப் பெண் கொடுக்கும் எண்ணத்தில் வந்திருந்த ஞானசேகரன், பைண்டிங் வேலை பார்க்கும் மங்கலம், ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களான ராமாமிர்தமும் அன்பரசுவும். ஆக ஏழு பேர். எட்டாவதாக ஓர் ஆள் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்பாடு தாங்களும் அங்கே நின்று கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் அந்தக் கடைக்குள் மட்டுமல்ல, அந்தச் சந்துக்குள்ளேயே கொள்ளாது.

சந்தியாகு கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார். சாய்மானம் காய்ச்சல்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்பது அவர் கருத்து. திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டைத் தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. அந்த வீட்டில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை, சொன்ன சொல்லை மாற்றிப் பேசியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்லாத நாட்களில் அவரே சொல்வார்.

ஜான்சி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். அவள் கணவன் ராபர்ட்டுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நாலு வருடங்களுக்கு முன் அவள் சிதம்பரத்தில் கடை போட்டபோது, பலகையில் அப்பா பெயர்தான் இருக்க வேண்டும் என்று ராபர்ட் ஒற்றைக் காலில் நின்றான். "எதுக்குடா அதெல்லாம்?" என்று சந்தியாகு சொன்னார். திறப்பு விழாவன்று சந்தின் எதிர்ப்பக்கமாக இரண்டு முறை நடந்து போய் அந்தப் பலகையைப் படித்துவிட்டும் வந்தார். அதன் பிறகு அந்தக் கடையில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் தன் சட்டைக் காலரில் படுவது போலத்தான் அவருக்கு இருந்தது.

கடையின் தொழில் தீசிஸ் டைப் அடிப்பது. பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். அடித்து, திருத்தி, மறுபடி திருத்தி, அச்செடுத்து, கறுப்பு காலிகோ அட்டை போட்டுப் பொன்னெழுத்து பதித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தொழிலின் உயிர் டைப்பிங்கில் இல்லை. ஒருவருடைய ஆராய்ச்சியை இன்னொருவர் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. திருத்தம் சொல்ல வருகிறவர் டைப் அடிப்பவரின் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பார். நிற்கிறவரின் கண் திரையில் மேயும். கடை திறந்த புதிதில், ஃபோல்டர்மேல் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "ஓ, அவுரு இந்த டாபிக்கா பண்றாரு?" என்று ஒருவர் கேட்க, அது கைடு காது வரை போய், பெரிய ரகளை ஆகிவிட்டது.

அன்றிலிருந்து ஜான்சி யார் பெயரையும் திரையில் எழுதவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற சின்னச் சின்னப் படங்களைத் தேடி எடுத்து, ஆளுக்கொரு படமாக ஃபோல்டர்களுக்கு மாட்டினாள். மரம், சாவி, பூட்டு, டெலிபோன், நட்சத்திரம், கேமரா என்று தேர்தல் சின்னம் ஒதுக்குவதைப் போல. அச்சு எழுத்தைவிடச் சின்னம் நம் ஆட்களுக்குச் சீக்கிரம் மனதில் நிற்கும். புதிதாக வேலை கொண்டு வருகிறவரிடம் அவள் முதலில் கேட்பது அதைத்தான்.

"என்ன படம் சார் வேணும்?"

"நட்சத்திரம் குடுங்க."

"நட்சத்திரம் போன வாரமே போயிடுச்சு. பூட்டு இருக்கு, டெலிபோன் இருக்கு."

"பூட்டு வேணாங்க. எங்க கைடு ஏற்கனவே வாயப் பூட்டிக்கினு இருக்காரு. டெலிபோனே குடுங்க, அவுரு கூப்புடறாரான்னு பாப்போம்."

குப்பைக்கூடையை மட்டும் யாரும் கேட்டதில்லை. மங்கலம் வாசலில் ஆள் வருவதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பாள்: "ஜான்சிம்மா, மரம் வந்துருக்காரு. உக்கார வெக்கவா, தண்ணி ஊத்தவா?"

படம் மட்டும் போதாது, இடமும் உண்டு. திரையின் இடது ஓரத்தில் இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும். நடுவில் இருந்தால் திருத்தம் நடக்கிறது. வலது ஓரத்துக்குப் போய்விட்டால் அச்சுக்குத் தயார். சாயங்காலம் கடை மூடும் முன் ஜான்சி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பின்னணியில் படம் எதுவும் கிடையாது, பள்ளிக்கூடக் கரும்பலகையின் பச்சை மட்டும். பார்க்க லட்சணமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நாலு வருடத்தில் ஒருவர் காகிதம் இன்னொருவர் கைக்குப் போனது என்றும் யாரும் சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஞானசேகரன் போன் செய்தார். சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. மகள் ஜெனிஃபர் எம்.சி.ஏ. முடித்தவள். லியோ சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. "உங்க மருமகளும் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காங்களாமே? ஒரு நாள் வந்து பாக்கறேன் சார். நம்ம ஜெனிஃபருக்கும் அந்த மாதிரி ஒரு எண்ணம் இருக்கு" என்றார்.

சந்தியாகு மறுநாளே சிதம்பரம் போனார். கடையைப் பெருக்கியிருந்தார்கள், குழந்தை இயேசு படத்துக்குப் பக்கத்தில் சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். எல்லாம் சரி. கடைசியில் அவர் பார்வை திரையில் நின்றது. மரமும் சாவியும் டெலிபோனும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. மணியடித்த பிறகும் மைதானத்தில் மேய்கிற பிள்ளைகளைப் பார்த்தது போல அவருக்குக் கை பரபரத்தது.

"என்னம்மா இது, மீன் மார்க்கெட்டு மாதிரி?"

"எனக்குப் புரியும் மாமா."

"உனக்குப் புரியும். பாக்கறவங்களுக்கு?"

"பாக்கறவுங்களுக்குப் புரியக் கூடாதுன்னுதான் மாமா."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்தான் அந்தப் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும், லீவுக்கு வந்திருந்த லியோவிடம் சொன்னார்.

"அந்தக் கம்ப்யூட்டர கொஞ்சம் கண்ணியமா ஆக்கு. ஒரு பெரிய மனுஷன் வந்து பாக்கப் போறாரு. வரிசையா இருக்கணும். ஒரே மாதிரி இருக்கணும்."

லியோ இதற்காகவே காத்திருந்தவன் போலச் சிரித்தான். "நானே கேக்கணும்னு இருந்தேம்பா. அண்ணி ஸ்க்ரீனப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு. எங்க டீம்ல ஒவ்வொருத்தன் ஸ்க்ரீனும் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அண்ணிகிட்ட சொல்லிட்டுச் செய்."

"சொன்னா வேணாம்பாங்க. செஞ்சிட்டுச் சொல்லுவோம். ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்."

சந்தியாகு அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்தது சம்மதம்தான் என்பது அவருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடை விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு அப்பாவும் மகனும் சிதம்பரம் போனார்கள். லியோ ஒரு சிடியைப் போட்டான். ஒரு மணி நேரம் பெட்டி உறுமியது. அணைந்து மறுபடி எரிந்தபோது சந்தியாகுவுக்கு அது வேறு பெட்டியாகத் தெரிந்தது. பச்சைப் பின்னணி போய், பனி மலையும் அதன் நிழல் விழுந்த ஏரியும் வந்திருந்தன. அடியில் ஒரு வரிசைப் படங்கள்; மவுஸை மேலே கொண்டு போனால் எண்ணெயில் விழுந்த பூரி மாதிரி ஒவ்வொன்றாக உப்பி அடங்கின. சின்னங்கள் இருந்த இடத்தில் புதுப் படங்கள் உட்கார்ந்துவிட்டதால் மரமும் இல்லை, சாவியும் இல்லை. எல்லா ஃபோல்டரும் ஒரே நீலம், ஒரே பளபளப்பு. கீழே எழுத்து இருந்தால் ஏரியின் அழகு கெடுகிறது என்று, நியூ ஃபோல்டர் ஒன்று, இரண்டு என்று இருந்த பெயர்களையும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக மாற்றிவிட்டான் லியோ. தானாக வரிசைப்படும் வசதியையும் போட்டுவிட்டான். ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பது ஒரு இடம் முன்னால் வந்து நிற்கும்.

"எடுத்துக் காட்டு" என்றார் சந்தியாகு.

லியோ ஒன்றை இழுத்து வேறு இடத்தில் போட்டான். மீதி எல்லாம் ஓரடி முன்னே வந்து இடைவெளியை அடைத்தன. நீலச் சீருடையில், இம்மி பிசகாத வரிசையில். காலை அசெம்பிளியில் ஒருவன் மயங்கி விழுந்தால் பின்னால் நிற்பவன் முன்னால் வர வேண்டும் என்று முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். பிள்ளைகள் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

"ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அடுத்த நாள் காலை ஜான்சி திரையைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். மங்கலம் பசைக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஜான்சிம்மா, எல்லாம் ஒரே மாதிரி இருக்குது? இதுல யாரு மரம், யாரு சாவி?"

ஜான்சி லியோவுக்குப் போன் போட்டாள். பழையபடி ஆக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பெட்டியை முழுசாகத் துடைத்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும், ஒரு நாள் ஆகும் என்றான். வருடக் கடைசிக்குள் தீசிஸ் கொடுக்க வேண்டியவர்கள் வாசலில் நிற்கும்போது ஒரு நாளுக்கு எங்கே போவது? "ரெண்டு நாள்ல பழகிடும் அண்ணி" என்றான். சரி, பெயராவது எழுதிக்கொள்கிறேன் என்று அவள் மாமனாரிடம் கேட்டாள்.

"அந்தப் பெரியவர் வந்து பாத்துட்டுப் போகட்டும்மா. அதுவரைக்கும் கை வைக்காத" என்றார் சந்தியாகு.

அவள் கை வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இரண்டாம் வரிசையில் மூன்றாவது இவர், மூன்றாம் வரிசையில் முதலாவது அவர் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ராமாமிர்தத்தின் தீசிஸ் அச்சுக்குப் போனது. ராமாமிர்தம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். வெள்ளாற்று முகத்துவாரத்து நண்டுகள் அவருடைய பொருள், சாவி அவருடைய சின்னம். இரண்டு அத்தியாயம் அச்சாகி வந்தது. அதற்குள் தீசிஸ் முடிந்து போயிருந்த ஒரு மாணவர் வந்து தன் பிரதியை சிடியில் வாங்கிக்கொண்டார். ஜான்சி வழக்கப்படி அவருடைய ஃபோல்டரைத் திரையிலிருந்து எடுத்துப் பத்திர இடத்துக்கு மாற்றினாள். திரும்பி வந்து, எந்த இடத்தை மனப்பாடம் பண்ணியிருந்தாளோ அதே இடத்தைத் திறந்து, மூன்றாம் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுத்தாள். பெயர்ப் பக்கம் தனிக் கோப்பில் இருக்கும். அத்தியாயத்தில் ஆள் பெயர் வராது. வந்த பக்கங்களிலும் நண்டுதான் இருந்தது. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. மூன்றாம் அத்தியாயம் முடிந்து, மீதியை மறுநாள் காலை, மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து இடம் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். ஆனால் மூன்றாவது போய்ச் சேர்ந்துவிட்டது. வரிசை ஓரடி முன்னால் வந்திருந்ததால் அந்த இடத்தில் அப்போது நின்றது மரம்.

மரம் என்பது அன்பரசு. பிச்சாவரத்துக் காட்டுக்குள், சேற்றில் நின்று நண்டு பார்த்தவன். வேறு கைடு, வேறு நண்டு. இரண்டு கைடுகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்பது பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பைண்டிங் முடிந்து ராமாமிர்தத்தின் பிரதிகள் தயாரான நாளில்தான் ஞானசேகரன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பாக்கெட் கேக். லியோ அவரை உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, மவுஸை அசைத்துக் காட்டினான். பூரிகள் உப்பின.

"அடேயப்பா! தொட்டா பெருசாகுது, விட்டா சிறுசாகுது" என்றார் ஞானசேகரன். "எங்க ஆபீஸ்ல இருக்கிற பொட்டி தொட்டாலே நின்னு போயிடும் சார்."

சந்தியாகு முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். "ஒழுங்கு இருக்கணும் சார். எதுலயும்."

ஓரத்தில் அன்பரசு தன்னுடைய கடைசித் திருத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ராமாமிர்தம் வந்து சேர்ந்தார். மங்கலம் ஐந்து கறுப்பு அட்டைப் பிரதிகளை மேசைமேல் அடுக்கி, புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். "தங்க எழுத்து எப்படி மின்னுது பாருங்க டீச்சர். கல்யாணப் பத்திரிகை கூட இப்புடி இருக்காது."

ராமாமிர்தம் முதல் பிரதியைத் திறந்து தாயார் பெயருக்குக் காணிக்கை என்று இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார். புரட்டினார். நடுவில் ஒரு புகைப்படப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஜான்சி, இது என் நண்டு இல்லையே."

"டீச்சர்?"

"என் நண்டுக்கு ரெண்டு கொடுக்கும் ஒரே அளவும்மா. இதுக்கு ஒண்ணு மட்டும் இவ்ளோ பெருசா இருக்குது."

அன்பரசு எழுந்துவிட்டான். மேசைக்கு வந்து, கேட்காமலே எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"மேடம், அது என்னுது. அந்த போட்டோ நான் எடுத்தது. அந்த டேபிள் என்னுது."

"உங்களுதா? எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் இப்பத்தான் தொறக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாது. இவுங்களுக்குத் தெரியும்ல?" அவன் ஜான்சி பக்கம் திரும்பினான். "யாரக் கேட்டுக் குடுத்தீங்க? யார நம்பி நான் இங்க வந்தேன்? அஞ்சு வருஷமா முழங்கால் சேத்துல நின்னேங்க. பூட்டி வெப்பீங்கன்னுதானே மரம் சாவின்னு நீங்க பண்ற கூத்துக்கெல்லாம் தலையாட்டுனேன்?"

ராமாமிர்தத்துக்கு மெதுவாக விஷயம் உறைத்தது. இந்தப் பிரதி அப்படியே போயிருந்தால் திருடி எழுதியவர் என்ற பெயர் அவருக்குத்தான். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் ஒரு வாத்தியாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஜான்சியின் கண் திரைக்குப் போனது, அங்கிருந்து மாமனாருக்கு வந்தது, உடனே கீழே இறங்கியது. அந்த ஒரு பார்வையில் என்ன நடந்திருக்கும் என்பது சந்தியாகுவுக்கு விளங்கிவிட்டது. ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பது முன்னால் வரும்.

லியோ முந்திக்கொண்டான். "சார், டென்ஷன் ஆவாதீங்க. இது வைரஸ். இப்ப ஊர் பூரா வந்துருக்கு. ஃபைல மாத்திப் போட்டுடும்."

"ஆமா ஆமா" என்றார் ஞானசேகரன். "எங்க ஆபீஸ்லயும் போன மாசம் வைரஸ் வந்து ஒரு வாரம் படுத்துக்கிச்சு. யார என்ன சொல்ல முடியும்?"

அன்பரசு தயங்கினான். அவன் குரலில் பாதிச் சூடு இறங்கிவிட்டது. "வைரஸா?" என்றான். ராமாமிர்தமும் நிமிர்ந்து பார்த்தார். யார் மேலும் குற்றமில்லாத ஒரு காரணம் கிடைத்தால் ஆட்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். இன்னும் ஒரு நிமிடம் யாரும் எதுவும் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும்.

சந்தியாகு அந்த நிமிடத்தில் யோசித்தது இது. வைரஸ் என்றால் லியோவின் பெயர் வெளியே வராது, தன் பெயரும் வராது. ஞானசேகரன் கேக்கை வைத்துவிட்டு நல்ல வார்த்தையோடு போவார். ஆனால் வைரஸ் வந்த கடை என்றால் அது ஜான்சி கவனமில்லாமல் விட்ட கடை. நாளைக்கு இந்தப் பையன் தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவான். போகிற இடமெல்லாம் சொல்வான். இது இல்லையென்றால் இன்னொன்றும் சொல்லலாம், விற்றுவிட்டாள் என்று. சந்தியாகு என்ற பலகைக்குக் கீழே இந்த வீட்டுக்கு வந்த பெண், தான் செய்யாததைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறக்கவும் மாட்டாள். கை வைக்காதே என்றதற்கு வைக்காமலே இருந்தவள்.

அவர் எழுந்து நின்றார். மைதானத்தில் பேசுகிற குரல் அவருக்கு இன்னும் இருந்தது.

"வைரஸ் கிடையாது."

"அப்பா..." என்றான் லியோ.

"நீ சும்மா இரு. தம்பி, டீச்சர், கேளுங்க. இந்தப் பொண்ணு ஒவ்வொருத்தருக்கும் ஒரு படம், ஒரு இடம்னு வச்சிருந்துது. பாக்க அசிங்கமா இருக்குன்னு நான்தான் மாத்தச் சொன்னேன். எதுக்குன்னா, இதோ இவரு வந்து பாப்பாருன்னு. என் பையன் எல்லாத்துக்கும் ஒரே படத்தப் போட்டான், பேரையும் அழிச்சான். பேராவது எழுதிக்கறேன்னு இவ கேட்டா. வேணாம்னேன். அதுலதான் மாறிப் போயிருக்கு. என் பேச்சுக்குக் கட்டுப்பட்டதத் தவிர இவ ஒண்ணும் செய்யல."

ஞானசேகரன் கையிலிருந்த காபியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. லியோவின் காது சிவந்திருந்தது.

"சொல்றீங்க. எப்படி நம்பறது?" என்றான் அன்பரசு.

இப்போது ஜான்சி பேசினாள். "வெளிய நில்லுங்க சார். டீச்சர், நீங்க மட்டும் இங்க வாங்க."

"எதுக்கு வெளிய? என் எதுக்க காட்டுங்க."

"அவுங்களுது அவுங்களுக்கு மட்டுந்தான் காட்டுவேன். உங்களுது உங்களுக்கு மட்டும். இவ்ளோ ஆனதுக்கு அப்புறமும் அப்புடித்தான்."

அன்பரசு வெளியே போய் நின்றான். ஜான்சி ஞானசேகரனையும் பார்த்தாள். அவரும் எழுந்து போனார். ராமாமிர்தம் தன் ஃபோல்டரில் தன் மூன்றாம் அத்தியாயம் தன்னுடைய நண்டோடு பத்திரமாக இருப்பதைப் பார்த்தார். அது கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி அச்செடுத்த நாளுக்கு முந்தியதாக இருந்தது. பிறகு அன்பரசு வந்து தன்னுடையதைப் பார்த்தான். யாருடையதும் யாருடையதோடும் சேரவில்லை. காகிதத்தில் மட்டும்தான் சேர்ந்திருந்தது.

"சரி" என்றான். "ஆனா என்னுத சிடில போட்டுக் குடுத்துடுங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

ஜான்சி போட்டுக் கொடுத்தாள். அவன் எதிரிலேயே தன் பெட்டியிலிருந்து அதை அழித்தாள். தவறாகப் போன பக்கங்களை மங்கலம் ஐந்து பிரதியிலிருந்தும் கிழித்தெடுத்து அவன் கையில் எண்ணிக் கொடுத்தாள். அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

ஞானசேகரன் சொல்லிக்கொண்டுதான் போனார். "வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன் சார்." இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று சந்தியாகுவுக்குத் தெரியும். அவரே இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறார்.

மீதி நாள் முழுக்க வேலை. மூன்றாம் அத்தியாயம் மறுபடி அச்சானது. லியோ தரையில் உட்கார்ந்து பக்கங்களை அடுக்கினான். ஒருமுறை நடுவில் ஒரு தாள் தவறியது.

"வரிசையெல்லாம் நல்லா தெரிஞ்சவரு இல்ல நீங்க?" என்றாள் ஜான்சி. "எங்க, இங்க காட்டுங்க பாப்போம்."

"அண்ணி, போதும் அண்ணி."

"தம்பி, மவுஸ வச்சு அமுக்கிப் பாரு, அந்தத் தாள் உப்புதான்னு" என்றாள் மங்கலம் பசை தடவிக்கொண்டே.

சந்தியாகு சிரிக்கவில்லை. போகவும் இல்லை. அட்டை காய்கிற வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ராமாமிர்தம் மறுநாள், கெடுவுக்குள், ஐந்து பிரதியையும் ஒப்படைத்தார்.

புது வருடத்தன்று கடையை மூடிவிட்டு லியோ பெட்டியைத் துடைத்து, முதலிலிருந்து ஏற்றினான். பூட்டு, டெலிபோன், கேமரா என்று அண்ணி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாட்டினான். இடது, நடு, வலது என்று அவள் வைத்த இடத்தில் அவை நின்றன. பனி மலையும் ஏரியும் முழுக்கப் போய்விடவில்லை. வாசலை ஒட்டி, சும்மா கணக்குப் போடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் போட்டுக்கொள்ளச் சொன்னாள் ஜான்சி. வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. தீசிஸ் இருக்கிற கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

அன்பரசு ஜனவரி முடிவதற்குள் திரும்பி வந்தான். போன இடத்தில் திரைமேல் அவன் பெயரையும், நண்டின் பெயரையும், கைடு பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். மூன்று பேர் அதைப் படித்துவிட்டு அவனுக்கு வாழ்த்துச் சொன்னார்களாம். "மரம் இருக்குதா?" என்று கேட்டான். "யாருக்கும் குடுக்கல" என்றாள் ஜான்சி.

ஞானசேகரனிடமிருந்து, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் போன் வந்தது. சந்தியாகு எழுந்து நின்றுதான் பேசினார். வெகு நேரம் அந்தப் பக்கமே பேச்சு. வைத்துவிட்டு வந்து மனைவி சவரிமேரியிடம், "அவுரு பொண்ணு ஜெனிஃபருக்கு நம்ம ஜான்சி கடையப் பாக்கணுமாம். வைரஸுன்னு சொன்னதுக்குத் தலையாட்டிட்டோமேன்னு அவுருக்குச் சங்கடமா இருக்குதாம்" என்றார்.

"அப்ப கல்யாணம்?"

"மே மாசம் வெச்சிக்கலாமான்னு கேக்கறாரு. பங்குச் சாமியாரப் பாக்கணும்."

கல்யாணம் மே மாதம் திருப்பாதிரிப்புலியூரில் நடந்தது. அந்தப் பந்தியில்தான் முதன்முதலாக அந்தக் கதை சந்தியாகு காதில் விழுந்தது. பிறகு சிதம்பரத்தில் கேட்டது, லால்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் வாயிலும் கேட்டது. சம்பந்தியாகப் போகிறவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடைக்குள் வைத்து, சந்தியாகு மாஸ்டர் தன் மகன் லியோவைச் செருப்பைக் கழற்றி அடித்தார் என்பது அந்தக் கதை.

அடிக்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் தூசி போகக் கூடாது என்று அந்தக் கடையில் யாரையும் செருப்போடு விடுவதில்லை. அன்று ஏழு பேருடைய செருப்புகளும் வெளியே, வாசற்படியில்தான் கிடந்தன.